மாடியில் செருகிய ஒரு கேபிள், கீழே நின்றுபோன கிளினிக்... வி-லேன் இருந்திருந்தால்?

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. என் அக்கா வீட்டுக்காரரின் பல் கிளினிக்கில் எட்டு, ஒன்பது பேர் காத்திருந்தார்கள். உள்ளே சிகிச்சை நாற்காலியில் ஒரு பெரியவர். பக்கத்து அறையில் அவருக்கு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. ஆனால், படம் டாக்டரின் திரைக்கு வரவில்லை. வேர் எங்கே போகிறது என்று பார்க்காமல் வேர் சிகிச்சையைத் தொடங்க முடியாது.

எனக்கு போன் வந்தது. "மாப்ள, ரிசப்ஷன்ல நெட் வருது, என் ரூம்ல வரல. எக்ஸ்ரே ஓப்பனே ஆக மாட்டேங்குது. கொஞ்சம் ஓடி வாயேன்."

எல்லாக் குடும்பத்திலும் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று ஒருவர் இருப்பார் இல்லையா, எங்கள் குடும்பத்தில் அது நான். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. போய்ப் பார்த்தால், ரிசப்ஷன் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. எக்ஸ்ரே படங்கள் சேமிக்கப்படும் சர்வரும் ஓடுகிறது. மதியம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த டாக்டரின் கம்ப்யூட்டர் மட்டும் தனித்து நிற்கிறது. அதன் ஐ.பி அட்ரஸைப் பார்த்தேன். கிளினிக்கில் எல்லாமே 192.168.1 என்று ஆரம்பிக்கும். இது மட்டும் 192.168.0 என்று ஆரம்பித்தது. ஒரே தெருவில் இருக்க வேண்டிய வீடு, பக்கத்துத் தெரு விலாசத்தோடு நின்றுகொண்டிருந்தது!

அந்த விலாசத்தைக் கொடுத்தது யார் என்று தேடிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்விட்ச் பெட்டிக்குப் போனேன். அங்கிருந்து ஒரு கேபிள் மாடிக்குப் போகிறது. மாடியில் குடியிருப்பவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐ.டி தம்பி. வாடகையோடு இன்டர்நெட்டும் சேர்த்தி. அன்று மதியம்தான் அவர் புதிதாக ஒரு வைஃபை ரூட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். கேபிளை 'வேன்' என்று எழுதியிருக்கும் ஓட்டையில் செருக வேண்டும். அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் 'லேன்' ஓட்டையில் செருகிவிட்டார். அவ்ளோதான் நடந்தது.

கேபிளைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டரை மறுபடி ரீஸ்டார்ட் செய்தோம். படம் வந்தது. பெரியவர் முக்கால் மணி நேரம் வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

இரவு கிளினிக்கைப் பூட்டும்போது மாமா கேட்டார். "அவன் மாடில ஒரு வயரை மாத்திக் குத்தினா, என் கிளினிக் எதுக்குய்யா நிக்கணும்?"

நியாயமான கேள்வி. உங்கள் கடையிலோ, வீட்டிலோ, டியூஷன் சென்டரிலோ ஒரே இன்டர்நெட் இணைப்பைப் பல பேர், பல கருவிகள் பகிர்ந்துகொண்டால், இது உங்களுக்கும் வரக்கூடிய கேள்விதான். இதற்கு நெட்வொர்க் உலகம் வைத்திருக்கும் பதிலின் பெயர் விர்ச்சுவல் லேன், சுருக்கமாக வி-லேன். (மாமா காதில் அது முதலில் 'வில்லன்' என்றுதான் விழுந்தது.)

கூப்பிட்டால் எவ்வளவு தூரம் கேட்கும்?

வி-லேனைப் புரிந்துகொள்ள, முதலில் சாதாரண ஸ்விட்ச் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஸ்விட்ச் என்றால் விளக்கு போடுகிற ஸ்விட்ச் இல்லை. ஐந்து, எட்டு, பதினாறு என்று கேபிள் செருகும் போர்ட்டுகள் உள்ள பெட்டி. அதில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. அதுதான் மேக் அட்ரஸ். ஏதாவது ஒரு கருவி பேச ஆரம்பித்ததும், 'இந்த மேக் அட்ரஸ் மூணாம் போர்ட்டில் இருக்கு' என்று ஸ்விட்ச் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் கருவிக்குத் தகவல் வந்தால், நேராக மூன்றாம் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். ஐந்து நிமிடம் சத்தமே இல்லையென்றால் பெரும்பாலான ஸ்விட்ச்சுகள் அந்தக் குறிப்பை அழித்துவிடும்.

இதுவரை ஒழுங்குதான். ஆனால் எல்லாத் தகவலும் ஒருவருக்கு மட்டும் போவதில்லை.

தெருவுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு தெரியவில்லை என்றால் தெருமுனையில் நின்று "14-ஆம் நம்பர் வீடு எதுங்க?" என்று சத்தமாகக் கேட்பார். எல்லா வீட்டிலும் தலை எட்டிப் பார்க்கும். ஒரு வீடு மட்டும் பதில் சொல்லும். நெட்வொர்க்கிலும் இப்படித்தான். 'இந்த ஐ.பி அட்ரஸ் யாருடையது?', 'இங்கே பிரின்டர் இருக்கா?' என்று கருவிகள் நாள் முழுக்கக் கூவிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் பிராட்காஸ்ட். இப்படி ஒரு கூவல் வந்தால், ஸ்விட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பியே ஆக வேண்டும். அதன் வேலை அது.

ஒரு கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் கூவும் முதல் கூவல்களில் ஒன்று, 'எனக்கு ஒரு ஐ.பி அட்ரஸ் கொடுங்க, யார் கொடுப்பீங்க?' என்பது. வழக்கமாக கிளினிக் ரூட்டர் மட்டும் பதில் சொல்லும். அன்று மாடி ரூட்டருக்கும் அந்தக் கூவல் கேட்டது. அதுவும், 'நான் இருக்கேன், இந்தா பிடி' என்று தன் கணக்கில் ஒரு விலாசத்தை நீட்டிவிட்டது. கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே வாங்கிக்கொள்ளும். ரிசப்ஷன் கம்ப்யூட்டர் காலையிலேயே விலாசம் வாங்கிவிட்டதால் தப்பித்தது. மதியம் ரீஸ்டார்ட் ஆன டாக்டரின் கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டது.

இதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஸ்விட்ச் கெட்டுப்போகவில்லை. ரூட்டர் கெட்டுப்போகவில்லை. பிரச்னை என்னவென்றால், கிளினிக்கின் கூவல் மாடிவரை கேட்டது. மாடியின் பதில் கிளினிக்வரை கேட்டது. ஒரு கூவல் எதுவரை கேட்குமோ, அந்த எல்லைக்கு பிராட்காஸ்ட் டொமைன் என்று பெயர். நாம் செய்ய வேண்டியது அந்த எல்லையைச் சுருக்குவது.

ஒரு பெட்டி, நாலு ஸ்விட்ச்

எளிய வழி, இன்னொரு ஸ்விட்ச் வாங்குவது. கிளினிக்குக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, நடுவே கேபிளே கிடையாது. கூவல் தாண்டவே தாண்டாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கிளினிக் கம்ப்யூட்டர்கள் ஒரு கூட்டம். சி.சி.டி.வி கேமராக்கள் ஒரு கூட்டம். காத்திருக்கும் நோயாளிகளுக்கான வைஃபை ஒரு கூட்டம். மாடி வீடு ஒரு கூட்டம். நாலு ஸ்விட்ச், நாலு மடங்கு வயரிங், மாடிப்படிக்குக் கீழே வலை பின்னியதுபோல் கேபிள்.

வி-லேன், இந்த நாலு ஸ்விட்ச்சையும் ஒரே பெட்டிக்குள் உண்டாக்கித் தருகிறது. ஸ்விட்ச்சின் செட்டிங்ஸ் பக்கத்தில் போய், 'ஒன்றிலிருந்து ஆறுவரை உள்ள போர்ட்டுகள் வி-லேன் 10, ஏழிலிருந்து பத்துவரை வி-லேன் 20, பதினொன்றாம் போர்ட் வி-லேன் 40' என்று எழுதிவிட்டால் போதும். அதன்பிறகு இரண்டாம் போர்ட்டிலிருந்து ஒரு கூவல் வந்தால், ஸ்விட்ச் அதை வி-லேன் 10-ல் இருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும் அனுப்பும். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பதினொன்றாம் போர்ட்டுக்கு அப்படி ஒரு கூவல் வந்ததே தெரியாது. யார் எந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்ற குறிப்பையும் ஒவ்வொரு வி-லேனுக்கும் தனித்தனியாகவே ஸ்விட்ச் வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரிலோ கேமராவிலோ எதையும் மாற்ற வேண்டாம். தான் ஒரு வி-லேனுக்குள் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

ஒரே ஒரு பெட்டி மட்டும் என்றால் கதை இத்துடன் முடிந்தது. ஆனால் ஸ்விட்ச்சிலிருந்து ரூட்டருக்கு ஒரு கேபிள் போகிறது. வைஃபை பெட்டிக்கு இன்னொரு கேபிள். இந்த ஒரே கேபிளில் நாலு வி-லேன்களின் தகவல்களும் கலந்து போனால், மறுமுனையில் இருப்பவருக்கு எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் செருப்பைக் கொடுத்ததும் ஒரு டோக்கனை அதோடு சேர்த்து உள்ளே வைப்பார்கள். நூற்றுக்கணக்கான செருப்புகள் ஒரே இடத்தில் கிடந்தாலும் கலக்காது. திரும்ப வாங்கும்போது டோக்கனை எடுத்துக்கொண்டு செருப்பை மட்டும் தருவார்கள். வி-லேன் செய்வதும் இதேதான். டாக்டரின் கம்ப்யூட்டரிலிருந்து வரும் தகவல் வெறுமனே வருகிறது. அது ரூட்டருக்குப் போகும் பொதுக் கேபிளில் ஏறும்போது ஸ்விட்ச் அதற்கு '10' என்று ஒரு டோக்கன் கட்டுகிறது. ரூட்டர் அந்த டோக்கனைப் பார்த்து, 'ஓ, இது கிளினிக் கூட்டம்' என்று புரிந்துகொள்கிறது. பதில் திரும்பி வந்து கம்ப்யூட்டரின் போர்ட்டில் இறங்கும்போது ஸ்விட்ச் டோக்கனைக் கழற்றிவிடுகிறது.

இந்த டோக்கனுக்கு நெட்வொர்க்காரர்கள் வைத்த பெயர் டேக். டோக்கனோடு பல வி-லேன்கள் போகிற பொதுக் கேபிளின் போர்ட் ட்ரங்க் போர்ட். டோக்கன் இல்லாமல் ஒரே கூட்டத்துக்கு மட்டும் சேவை செய்யும் போர்ட் ஆக்சஸ் போர்ட். சில ஸ்விட்ச்சுகளின் மெனுவில் இதையே டேக்டு, அன்டேக்டு என்று எழுதியிருப்பார்கள். குழம்ப வேண்டாம், விஷயம் ஒன்றுதான்.

நான்கு பைட்டுக்குள் என்ன இருக்கிறது?

இந்த யோசனை 1980-களில் பிறந்தது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த டேவிட் சின்கோஸ்கி, அதற்கு முன்பே ஈதர்நெட் வழியாகக் குரலை அனுப்பிப் பார்த்தவர். அவருடைய கவலை வேறு. சின்ன அலுவலகங்களுக்கென்று உருவான ஈதர்நெட்டை எப்படிப் பெரிய நெட்வொர்க்காக வளர்ப்பது என்பது. அதற்காகச் செய்த வேலையில்தான் தகவலோடு ஓர் அடையாளத்தை ஒட்டி அனுப்பும் எண்ணம் வந்தது. பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு டோக்கனைக் கண்டுபிடிக்க, ஒருவர் ஸ்விட்ச் இன்னொருவர் ஸ்விட்ச்சோடு பேசாத நிலை. 1998-ல் 802.1க்யூ என்ற பொதுத் தரம் வந்தது. இன்று நீங்கள் எந்தக் கம்பெனி ஸ்விட்ச் வாங்கினாலும் அதோடு இன்னொரு கம்பெனி ரூட்டர் ஒத்துப்போவதற்கு அதுதான் காரணம்.

அந்த டோக்கனின் அளவு வெறும் 4 பைட். அதாவது 32 பிட். முதல் 16 பிட், 'ஜாக்கிரதை, இதில் டோக்கன் இருக்கு' என்று சொல்லும் அடையாளம். அடுத்த 3 பிட் முன்னுரிமைக்கு. 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். போன் பேச்சுக்கு உயர்ந்த படி கொடுத்தால், யாரோ படம் டவுன்லோடு செய்யும்போதும் குரல் அறுபடாமல் வரும். அடுத்த ஒரு பிட், நெரிசல் வந்தால் இதைக் கைவிடலாமா என்பதற்கு. கடைசி 12 பிட்தான் வி-லேன் எண்.

12 பிட்டில் 4,096 எண்கள் எழுதலாம். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை. மீதி 4,094. ஒரு பல் கிளினிக்குக்கு இது ஏழு தலைமுறைக்குத் தாங்கும். ஆனால் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே கட்டடத்தில் வைத்திருக்கும் டேட்டா சென்டர்களுக்குப் போதவில்லை. அதனால் 24 பிட் எண் கொண்ட வி.எக்ஸ்-லேன் என்ற முறை வந்தது. 2014-ல் அதன் விவரக்குறிப்பு வெளியானது. அதில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் எண்கள் உண்டு.

நமக்கு முக்கியமான எண் 1. தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாப் போர்ட்டுகளும் வி-லேன் 1-ல்தான் இருக்கும். நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால், வி-லேன் வசதிக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, சாதா ஸ்விட்ச்சாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுவர் சரி, கதவு?

நாங்கள் வி-லேன் தெரிந்த பதினாறு போர்ட் ஸ்விட்ச் ஒன்றையும், அதைப் புரிந்துகொள்ளும் ரூட்டர் ஒன்றையும் வாங்கினோம். (பழைய ஸ்விட்ச் அன்மேனேஜ்டு வகை. செட்டிங்ஸ் பக்கமே கிடையாது. அதில் வி-லேன் போட முடியாது. கடையில் கேட்கும்போது 'மேனேஜ்டு' அல்லது 'ஸ்மார்ட்' என்று கேளுங்கள்.) கிளினிக் 10, கேமரா 20, நோயாளிகளின் வைஃபை 30, மாடி 40. ஒவ்வொன்றுக்கும் தனி ஐ.பி வரிசை. ஒரே வைஃபை பெட்டிதான். ஆனால் அதில் இரண்டு பெயர்கள். ஊழியர்களுக்கான பெயரில் சேர்ந்தால் 10, விருந்தினர் பெயரில் சேர்ந்தால் 30.

சுவர் எழும்பியதும் முதல் சத்தம் மாமாவிடமிருந்துதான். "கேமராவே தெரியலையேப்பா!"

தெரியாதுதான். வேறு வேறு வி-லேன்களில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேச ரூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ரூட்டரில் யார் யாரோடு பேசலாம் என்று நாம் விதி எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பல ரூட்டர்கள் தொடக்கத்தில் எல்லா வி-லேன்களையும் தாராளமாகப் பேசவிடும். அதை அப்படியே விட்டால், நாலு அறை கட்டி நாலு கதவையும் அகலத் திறந்துவைத்த மாதிரி. கூவல் தாண்டாது, வாஸ்தவம். ஆனால் கெட்ட எண்ணத்தோடு வருபவர் கூவிக்கொண்டு வருவதில்லை, கதவு வழியாக நடந்தே போவார்.

நாங்கள் எழுதிய விதிகள் இவ்வளவுதான். கிளினிக் கேமராவைப் பார்க்கலாம். கேமரா தானாகக் கிளினிக்கைத் தேடிப் போகக் கூடாது, கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லலாம். கேமராவுக்கு இன்டர்நெட் கிடையாது. விருந்தினர் வைஃபையும் மாடியும் இன்டர்நெட்டுக்கு மட்டும் போகலாம், வேறு எங்கேயும் கூடாது.

கேமராவுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் திறக்காமல் போயின. தாக்கியது மிராய் என்ற தீய மென்பொருள். அது படையாகத் திரட்டியது கேமராக்கள், வீடியோ ரெக்கார்டர்கள், வீட்டு ரூட்டர்கள் போன்ற சாதாரணக் கருவிகளை. கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதற்குக் கிடைத்த சாவி. வாங்கி மாட்டியதோடு நாம் மறந்துவிடும் கருவி கேமரா. அப்டேட் செய்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள்.

திறந்து கிடந்த கதவுக்கு இன்னும் பெரிய உதாரணம் 2013-ல் நடந்தது. அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் பண்டிகைக்கால விற்பனை ஓடிக்கொண்டிருந்தபோது, சுமார் 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டுகளின் விவரம் திருடுபோனது. சுமார் 7 கோடி வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் போன்றவையும் போயின. திருடர்கள் முதலில் பிடித்தது கடையின் குளிர்சாதன வேலைகளைச் செய்த ஒப்பந்ததாரரின் லாகினை. பில் அனுப்புவது போன்ற வேலைகளுக்காக அவருக்குக் கொடுத்த அனுமதி அது. அங்கிருந்து பில் போடும் இயந்திரங்கள்வரை போய்விட்டார்கள். மிக முக்கியமான பகுதிகளை மற்றவற்றிலிருந்து சரியாகப் பிரித்து வைக்கவில்லை என்று 2014-ல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. ஏ.சி ரிப்பேர்காரரின் பாதையும் கல்லாப்பெட்டியின் பாதையும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டன. 2017-ல் 47 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டி.சி-க்கும் 1 கோடியே 85 லட்சம் டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

'அது அமெரிக்கா, அவ்வளவு பெரிய கடை' என்று தோன்றலாம். மாமாவின் சர்வரில் இருப்பது நோயாளிகளின் பெயர், போன் நம்பர், எக்ஸ்ரே, யாருக்கு சர்க்கரை இருக்கிறது, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற குறிப்பு. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து வைஃபை பாஸ்வேர்டு வாங்கிய எவருடைய போனும் அதுவரைக்கும் அந்த சர்வர் இருந்த அதே நெட்வொர்க்கில்தான் இருந்தது. 2023-ல் நிறைவேறிய நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இப்படிப்பட்ட தகவலுக்குத் தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. அந்தத் தொகையைச் சொன்னபோதுதான் மாமா புது ஸ்விட்ச்சின் விலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

நாங்கள் வாங்கிய அடிகள்

எல்லாம் முதல் நாளிலேயே ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் தவறு, என்னுடையது. ஸ்விட்ச்சின் செட்டிங்ஸ் பக்கத்தை எந்தப் போர்ட் வழியாகத் திறந்திருந்தேனோ, அந்தப் போர்ட்டையே வேறு வி-லேனுக்கு மாற்றி 'அப்ளை' அழுத்தினேன். பக்கம் உறைந்தது. உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டியாகிவிட்டது! பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியைக் குத்தி ரீசெட் செய்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு போர்ட்டை நிர்வாகத்துக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றில் கை வையுங்கள்.

இரண்டாவது தவறும் என்னுடையதுதான். எல்லாம் முடித்து, காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் பத்து மணிக்கு கரன்ட் போனது. திரும்பி வந்தபோது ஸ்விட்ச் எல்லாவற்றையும் மறந்து வி-லேன் 1-க்குப் போய் நின்றது. சில ஸ்விட்ச்சுகளில் 'அப்ளை' அழுத்தினால் அந்த நேரத்துக்கு மட்டும்தான் அமலாகும். நிரந்தரமாக வைக்க 'சேவ்' என்று தனியாக ஒரு பட்டன் இருக்கும். நம் ஊர் மின்வெட்டுக்கு முன்னால் அந்தப் பட்டன்தான் காவல் தெய்வம்.

மூன்றாவதை தவறு என்று சொல்ல முடியாது, விலை என்று சொல்லலாம். காத்திருக்கும் அறை டிவிக்கு ரிசப்ஷனில் இருக்கும் பெண் தன் போனிலிருந்து பாட்டு போட்டுவிடுவார். டிவியை விருந்தினர் வி-லேனில் வைத்ததும் அது நின்றுபோனது. போன், 'பக்கத்தில் டிவி இருக்கா?' என்று தேடும் அந்தச் சத்தம் தன் வி-லேனைத் தாண்டாது. நாம்தானே அப்படிக் கேட்டோம்! சில ரூட்டர்களில் இந்தத் தேடலை மட்டும் எடுத்துச் சொல்லும் வசதி உண்டு. நாங்கள் அதற்கெல்லாம் போகவில்லை. அவருடைய போன் பாட்டு போடும்போது விருந்தினர் வைஃபைக்கு மாறிக்கொள்கிறது. அதேபோல, கேமராவுக்கு இன்டர்நெட்டை நிறுத்தியதால் மாமாவால் வீட்டிலிருந்து போனில் கிளினிக்கைப் பார்க்க முடியவில்லை. ரூட்டரிலேயே வி.பி.என் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு தட்டு அதிகம் தட்ட வேண்டியிருக்கிறது என்று இன்றைக்கும் முணுமுணுக்கிறார்.

இவ்வளவு செய்தும் வி-லேனால் ஆகாத காரியங்கள் உண்டு. ஒரே வி-லேனுக்குள் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே அது எந்தச் சுவரும் எழுப்பாது. ரிசப்ஷனில் யாராவது வைரஸ் உள்ள பென்டிரைவைச் செருகினால், டாக்டரின் கம்ப்யூட்டருக்கு ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. டோக்கன் கட்டுவதால் தகவல் ரகசியமாகிவிடாது. அது பெயர்ச்சீட்டு, பூட்டு கிடையாது. ட்ரங்க் போர்ட்டில் டோக்கன் இல்லாமல் வருகிறவற்றை ஒரு குறிப்பிட்ட வி-லேனில் ஸ்விட்ச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு நேட்டிவ் வி-லேன் என்று பெயர். யாராவது நேட்டிவ் வி-லேனில் உட்கார்ந்துகொண்டு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டோக்கன் கட்டி அனுப்பினால், முதல் ஸ்விட்ச் மேல் டோக்கனைக் கழற்ற, அடுத்த ஸ்விட்ச் உள்ளே இருக்கும் டோக்கனை நம்பி வேறு வி-லேனுக்குள் விட்டுவிடும் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. யாருமே குடியிருக்காத ஓர் எண்ணை நேட்டிவ் வி-லேனாக வைத்தால் அந்த வழி அடைபடும். ஆள் இல்லாத போர்ட்டுகளை அணைத்துவிடுவதும் நல்லது.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

வி-லேனை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டும் இருக்கலாம். ஃபைபர் இணைப்புக்குப் புது ரூட்டர் மாற்றும்போது, செட்டிங்ஸில் 'வி-லேன் ஐடி' என்று ஒரு கட்டம் வரும். ஒரே ஃபைபரில் இன்டர்நெட், போன், டிவி மூன்றையும் அனுப்பும் நிறுவனங்கள், அவற்றை வேறு வேறு வி-லேன்களில் பிரித்து அனுப்புகின்றன. அந்த எண் தப்பாக இருந்தால் விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தாலும் நெட் வராது. கஸ்டமர் கேரில் நேரே அந்த எண்ணைக் கேளுங்கள், பாதி நேரம் மிச்சம். ஆபீஸ் மேஜையில் போனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கேபிள் செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரிலிருந்து வருவது ஒரே கேபிள். பெரும்பாலும் அதில் போன் ஒரு வி-லேன், கம்ப்யூட்டர் வேறு வி-லேன்.

சாதாரண வீட்டுக்கு நாங்கள் செய்த அளவுக்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து. உங்கள் ரூட்டரில் 'கெஸ்ட் வைஃபை' இருக்கிறதா பாருங்கள். கேமரா, ஸ்மார்ட் பல்பு, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் போன் எல்லாவற்றையும் அதில் சேருங்கள். கெஸ்ட்டிலிருந்து உள் நெட்வொர்க்குக்குப் போகக் கூடாது என்ற ஆப்ஷன் ஆனில் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டின் ஒரு பகுதியில் கடையோ, கிளினிக்கோ, ஆடிட்டர் ஆபீஸோ நடத்துகிறீர்கள், அல்லது குடித்தனக்காரர்களோடு இணைப்பைப் பகிர்கிறீர்கள் என்றால், அங்கே வி-லேன் ஸ்விட்ச்சுக்குச் செலவழிக்கலாம். மாட்டிய பிறகு ஒரு சோதனை அவசியம். விருந்தினர் வைஃபையில் சேர்ந்துகொண்டு, உங்கள் கம்ப்யூட்டரின் ஐ.பி அட்ரஸைத் தேடிப் பாருங்கள். பதில் வந்தால் கதவு எங்கோ திறந்திருக்கிறது.

எந்தப் போர்ட் எந்த வி-லேன் என்று ஒரு தாளில் எழுதி, ஸ்விட்ச் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

எங்கள் கிளினிக்கில் அந்தத் தாள் ஒட்டி நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி தம்பி வீட்டைச் சுத்தம் செய்திருக்கிறார். ரூட்டரைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டும்போது கேபிள் பழையபடி 'லேன்' ஓட்டைக்கே போய்விட்டது. திங்கட்கிழமை காலை கிளினிக் வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர், எனக்கு நெட் வரல. உங்களுக்கு வருதா?"

மாமா உள்ளே ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். திரையில் எக்ஸ்ரே படம் இருந்தது. "வருதேப்பா" என்றார்.